சிலிண்டருக்கு அடியில் வைக்கும் எடைத் தட்டு: வாங்கலாமா?

ஆன்லைன் கடைகளில் பல பெயர்களில், ஏறத்தாழ ஒரே அமைப்பில் விற்கப்படுகிற டிஜிட்டல் எடைத் தட்டு ஒன்றை எவ்வளவு கேஸ் மீதி இருக்கிறது என்று அறிய, எங்கள் சமையலறையில் கேஸ் சிலிண்டருக்கு அடியில் வைத்துப் பயன்படுத்தி வருகிறோம். ஒற்றை சிலிண்டர் இணைப்பு மட்டுமே உள்ளவர்களும், பதிவு செய்த பிறகு சிலிண்டர் வந்து சேர நாளாகிற ஊர்களில் இருப்பவர்களும் இதை வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்பதே என் பதில். ஆனால் இதே வேலைக்கென்று விற்கப்படும் முள் மீட்டரை வாங்க வேண்டாம் என்பதை அதைவிட அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

சிலிண்டர் வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் பொருத்தப்படும் அந்த மீட்டர், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் பிரித்துக் காட்டுவதால் மீதியை அளப்பது போலத் தோன்றுகிறது. உண்மையில் அது அளப்பது அழுத்தத்தை மட்டுமே. சிலிண்டருக்குள் இருப்பது திரவமாக்கப்பட்ட புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. அந்தத் திரவம் கொஞ்சமேனும் மிஞ்சியிருக்கும்வரை, அதன் மேலுள்ள ஆவியின் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்து மாறுமே தவிர, திரவத்தின் அளவைப் பொறுத்து மாறாது. ஆகவே சித்திரை வெயிலில் கால் பங்கு மீதியுள்ள சிலிண்டரில் முள் ஏறி நிற்கும். மார்கழி விடியற்காலையில் முக்கால் பங்கு உள்ள சிலிண்டரில் இறங்கி நிற்கும். திரவம் தீர்ந்த பிறகுதான் அது உண்மையிலேயே சிவப்புக்கு வரும், அப்போது நமக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. இதற்காக வால்வின் மேல் இன்னொரு இணைப்பைச் செருகுவது, கசியக்கூடிய இடங்களில் ஒன்றைக் கூட்டுவதாகவே முடியும்.

எடைத் தட்டில் இந்தக் குழப்பம் இல்லை. வீட்டு சிலிண்டரில் நிரப்பப்படுவது 14.2 கிலோ எரிவாயு. காலி சிலிண்டரின் எடை, வால்வைச் சுற்றியுள்ள வளையத்தைத் தாங்கும் இரும்புப் பட்டைகளில் ஒன்றின் உட்புறத்தில் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் அது வேறுபடும் என்பதால், சிலிண்டர் வந்தவுடன் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்வது அவசியம். அந்த எண் 15.9 என்று வைத்துக்கொண்டால், புதிய சிலிண்டர் 30.1 கிலோ இருக்க வேண்டும், தட்டு 18.4 காட்டும் நாளில் மிஞ்சியிருப்பது 2.5 கிலோ. ஒரு சிலிண்டர் நாற்பது நாள் வருகிற வீட்டில் நாளொன்றுக்குச் சுமார் 350 கிராம் செலவாகிறது என்பதால், அங்கே இது ஒரு வாரத்துக்குப் போதும். பதிவு செய்ய வேண்டிய நாளை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் வேறு எந்தக் கருவியையும் நான் பார்த்ததில்லை. ரெகுலேட்டரும் டியூபும் சேர்க்கும் எடையை மட்டும் நினைவில் வைத்துக் கழித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பயனும் உண்டு. கொண்டுவருபவர் நாம் கேட்டால் நிறுத்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அவரிடம் தராசு இல்லாத நாளில், இந்தத் தட்டின் மேலேயே சிலிண்டரை வைத்துப் பார்த்துவிடலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. சிலிண்டர் மேலே இருக்கும்போதே பேட்டரியை மாற்றினால், அப்போதுள்ள எடையைச் சுழியமாக எடுத்துக்கொண்டு தவறாகக் காட்டத் தொடங்குகிறது. மீண்டும் சரியாக்க, சிலிண்டரை இறக்கி வைத்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் இது பெரிய சிரமம். தரை சமமாக இல்லாவிட்டால் எடை மாறித் தெரிகிறது. சமையலறையைக் கழுவிவிடும்போது தண்ணீர் உள்ளே போகாதபடி எங்கள் தட்டு மூடப்பட்டிருக்கவில்லை. எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று: எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோரமாகவே தேங்கும், இந்த மின்னணுக் கருவியோ தரையில்தான் இருக்கிறது. ஆகவே எப்போதும் ஒளிரும் திரை உள்ளதையும், சார்ஜரில் செருகியபடியே வைக்க வேண்டியதையும் தவிர்த்துவிட்டு, பேட்டரியில் இயங்கி, தேவைப்படும்போது மட்டும் பொத்தானை அழுத்திப் பார்க்கும் வகையை வாங்க வேண்டும். வாடை வந்தால் அந்தப் பொத்தானையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

பக்கவாட்டில் ஒட்டும் நிறம் மாறும் பட்டைகளும் கிடைக்கின்றன. ஈரத்துணி செய்யும் வேலையைத்தான் அவை காசுக்குச் செய்கின்றன. நனைத்துப் பிழிந்த துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழாகத் துடைத்துவிட்டுச் சற்று நேரம் பொறுத்தால், திரவம் இல்லாத மேற்பகுதி முதலில் காய்ந்து, திரவம் உள்ள பகுதியில் ஈரம் நிற்கும்; இரண்டுக்கும் நடுவில் தெரியும் கோடுதான் மட்டம். அடுப்பு கொஞ்ச நேரம் எரிந்த பிறகு பார்த்தால் கோடு இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் ஆவியாகும் திரவம் அந்த இரும்பைக் குளிரச் செய்கிறது. பாதிக்கு மேலா, கீழா என்று அறிய இது போதும். கடைசி இரண்டு கிலோவைக் கணிக்கத்தான் போதாது. அந்த நேரத்தில் சிலர் சிலிண்டரைப் படுக்க வைத்தோ சாய்த்தோ எரிக்கிறார்கள். திரவமே ரெகுலேட்டருக்குள் போய்விடக்கூடும் என்பதால் அதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது.

இரண்டு சிலிண்டர் உள்ளவர்களுக்கு இந்தத் தட்டு தேவையில்லை. இண்டேன் 2021-இல் கொண்டுவந்த 10 கிலோ, 5 கிலோ கண்ணாடியிழை சிலிண்டர்களை வைத்திருப்பவர்களுக்கும் தேவையில்லை. அவற்றில் வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் திரவத்தின் மட்டம் கண்ணுக்கே தெரியும்.