நாமூர் கப்பலும் ஏழு நாள் கதவும்

1749 ஏப்ரல் புயலில் தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டைக்குப் பக்கத்தில் மூழ்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் நாமூர். 500 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். தளபதி பாஸ்காவன் அன்று கரையில் இருந்ததால் பிழைத்தார். நான் படித்த திகில் நாவல் ஒன்று அந்தக் கப்பலைக் கொண்டுபோய், கடலூருக்கு எதிரே இருக்கும் கடலடிப் பள்ளத்தாக்கின் சரிவில் 180 மீட்டர் ஆழத்தில் போட்டுவிடுகிறது. பள்ளத்தாக்கு நிஜம், கப்பல் அங்கே கிடப்பது கற்பனை. அது கதாசிரியரின் உரிமை.

முதல் பாதிக்கே புத்தகத்தை வாங்கலாம். உள்ளே இறங்குகிறவர்கள் சாச்சுரேஷன் டைவர்கள், அதாவது ஹீலியம் கலந்த வாயுவை மூச்சுவிட்டுக்கொண்டு, நாள்கணக்கில் ஆழத்தின் அழுத்தத்திலேயே தங்கி வேலை செய்கிறவர்கள். 180 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல 19 மடங்கு. உடம்பில் கரைந்த ஹீலியம் வெளியேற, 30 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு நாள், அதோடு இன்னொரு நாள் என்று கணக்கு வைத்தால் ஏழு நாள் ஆகும். பேயிடமிருந்து தப்பி, டைவர்களை இறக்கி ஏற்றும் மணிக்கூண்டில் (டைவிங் பெல்) ஏறி, மேலே நிற்கும் வேலைக் கப்பலின் தளத்து அழுத்த அறைக்குள் வந்துவிட்டாலும் கதவைத் திறக்க முடியாது. வட்டக் கண்ணாடிக்கு வெளியே ஆள் நின்று டீ குடிக்கிறார், உள்ளே இருப்பவனுக்கு இன்னும் ஐந்து நாள் பாக்கி. கூடவே ஏறி வந்தது எது என்று அவனுக்கு மட்டும் தெரியும். இந்த அத்தியாயத்தில் ரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை, புத்தகத்திலேயே பயங்கரமான இடம் இதுதான்.

சரக்கு அறைக் காட்சியும் கச்சிதம். காலை அழுத்தி வைத்ததும் வண்டல் கிளம்புகிறது, தலைவிளக்கு வெளிச்சம் அதில் பட்டுப் பால் சுவராகத் திரும்புகிறது. நாயகன் விளக்கை அணைத்துவிட்டு, மணிக்கூண்டிலிருந்து மூச்சு வாயுவைக் கொண்டுவரும் கொடிக்குழாயைக் கைமாற்றிக் கைமாற்றித் தடவிக்கொண்டே வெளியேறுகிறான். அதுதான் சரியான முறை. மூச்சு இழுக்கும்போதெல்லாம் ஹெல்மெட்டுக்குள் வாயு இரைகிறது. மூச்சை அடக்கினால்தான் தட்டல் சத்தம் கேட்கிறது. தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடுவதால் இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேரும், திசை பிடிபடாது. ஆசிரியர் இதை விளக்கவில்லை, அனுபவிக்க விட்டுவிடுகிறார். உடையைச் சூடாக வைக்கும் வெந்நீர்க் குழாய் நின்றதும் குளிர் ஏறும் பக்கங்களும் அப்படித்தான். ஹீலியம் காற்றைவிடச் சுமார் ஆறு மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சும்; உடை மட்டுமல்ல, மூச்சும் உடம்பைக் குளிர வைக்கும்.

பேய் முகம் காட்டியதும் கணக்கு தப்புகிறது. கொடிக்குழாய் அறுந்தபின் நாயகன் முதுகுச் சிலிண்டரை நம்பி இருபது நிமிடம் சண்டை போடுகிறான். 12 லிட்டர், 200 பார் என்றால் 2,400 லிட்டர். நிமிடத்துக்கு 30 லிட்டர் மூச்சு, அதை 19 ஆல் பெருக்கினால் 570 லிட்டர். நாலு நிமிடத்தில் காலி. அந்த நாலு நிமிடத்தை வைத்தே எழுதியிருந்தால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து படித்திருப்போம். சிலிண்டரில் 21 சதவீத ஆக்சிஜன் என்று வேறு எழுதியிருக்கிறார். அந்த ஆழத்தில் அது வலிப்பு வரவழைத்துக் கொன்றுவிடும். சில சதவீதம்தான் வைப்பார்கள். மரக்கப்பல் பலகை கலையாமல் கிடப்பதும் இடிக்கிறது. வங்கக்கடலில் வெளியே நிற்கும் மரத்தைக் கப்பல்புழு மாதிரி மரம் துளைக்கும் உயிர்கள் பெரும்பாலும் தின்று தீர்த்திருக்கும். பீரங்கி, நங்கூரம், வண்டலில் புதைந்த அடிக்கட்டை மிஞ்சியிருக்கும். ஹீலியத்தில் குரல் வாத்துபோல ஆகும் என்பதையும் பேய் பேசும் இடத்தில் மறந்துவிட்டார்.

இன்னொன்று, தேவனாம்பட்டினத்துப் படகுக்காரர் 'ஏலே மக்கா' என்று பேசுகிறார். தூத்துக்குடிப் பக்கத்து ஆளை இங்கே கொண்டுவந்து நிறுத்திய மாதிரி இருக்கிறது. வலை பாரில் (கடலடிப் பாறையில்) மாட்டினால் நீவாட்டை (நீரோட்டத்தை) எதிர்த்து இழுக்காமல், படகைச் சுற்றிக்கொண்டு வந்து எதிர்ப்பக்கமிருந்து எடுப்பதை மட்டும் யாரோ சரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

எழுத்து பொடி, தாள் மெலிசு, நடுவில் முதுகு விட்டுப்போகிறது. மணிக்கூண்டு, அறை, கொடிக்குழாய் எல்லாம் காட்டும் படம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், இல்லையென்றால் மூன்றாம் அத்தியாயத்தில் யார் எங்கே மாட்டியிருக்கிறார் என்றே புரியாது.