குப்பைக்கு இடம்: சபைக்குச் சபை தனியாகவா, சேர்ந்தா?

2018 உள்ளூராட்சித் தேர்தலோடு இலங்கை மலையகத்தின் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரதேச சபைகள் ஆறாகின. நல்லதுதான், தவிசாளரைப் பார்க்க அரை நாள் பஸ்ஸில் போக வேண்டியதில்லை. ஆனால் ஆறு சபைக்கும் ஆறு குப்பைமேடு வேண்டுமா?

செலவு
தனியாக: பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்), டிராக்டர், ஆட்கள் எல்லாம் அவரவர் பாடு.
சேர்ந்து: ஒரே இயந்திரம், ஒரே கூட்டெரு நிலையம். டீசல் செலவு ஏறும், மலைப்பாதை அப்படி.

காணி
இதுதான் பெரிய தலையிடி. சமதரை கிடைப்பதே அபூர்வம், கிடைத்தாலும் அது தோட்டக் காணி, இல்லாவிட்டால் கீழே ஓடை, அந்த ஓடை போய்ச் சேருவது காசல்ரி, மவுசாகலை மாதிரி நீர்த்தேக்கத்தில். ஓர் இடம் தேடுவதே பெரும்பாடு. போதாததற்கு, 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள்ளும் வேலை செய்யலாம் என்பதால் லயத்துக் குப்பையும், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் குப்பையும், கணக்கில் வரும்.

சண்டை
தனியாக: குறைவு.
சேர்ந்து: "உங்க ஊர்க் குப்பை எங்க ஊருக்கா?" கட்டாயம் வரும்.

சரி, எது யாருக்கு? வீட்டு வாசலில் சேகரிப்பது, தெருவிளக்கு, சந்தை இதற்கெல்லாம் தனிச் சபையே போதும். கொட்டும் இடத்துக்கு நோர்வூட், மஸ்கெலியா மாதிரி பக்கத்துச் சபைகள் சேர்வதே மேல், அதுவும் யார் எவ்வளவு கட்டுவது என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு.