கண்டுபிடிப்பின் பெருமை யார் கணக்கில்? ஓர் ஒப்பீட்டு அலசல்

2023 அக்டோபரில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கத்தலின் கரிக்கோவுக்கும் ட்ரூ வைஸ்மனுக்கும் அறிவிக்கப்பட்டது. எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளுக்கு அடித்தளமிட்ட அவர்களுடைய ஆய்வு அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்தது என்பதால், அப்பல்கலைக்கழகம் அந்தப் பரிசை உரிமையோடு கொண்டாடியது. ஆராய்ச்சிக்கு நிதி கொண்டுவர முடியாத நிலையில் இருந்த கரிக்கோவை 1995இல் பதவி இறக்கியதும் அதே பல்கலைக்கழகம்தான். 2013இல் அவர் ஜெர்மனியின் பயோஎன்டெக் நிறுவனத்துக்குச் சென்றார். பரிசு அறிவிக்கப்பட்ட நாளில், தாம் முனைவர் பட்டம் பெற்ற ஹங்கேரியின் செகெட் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தார். ஒரே பரிசுக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் உரிமை கோர இடமிருக்கிறது. இரண்டில் எதுவும் பொய்யில்லை. ஆனால் அவை ஒரே அளவுகோலால் அளந்து பெற்ற உரிமைகள் அல்ல.

அந்த அளவுகோல்களை அருகருகே வைத்துப் பார்ப்பது வீண் வேலையன்று. எந்த மாணவர் எங்கே விண்ணப்பிக்கிறார், எந்த ஆய்வுக் குழுவுக்கு நிதி கிடைக்கிறது, யாருடைய கட்டுரை கவனத்தோடு படிக்கப்படுகிறது என்பதையெல்லாம் பல்கலைக்கழகத்தின் பெயர் பெருமளவு தீர்மானிக்கிறது. ஏற்கெனவே புகழ் பெற்றவருக்கே மேலும் புகழ் சேர்கிறது என்பதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968இல் ஆராய்ந்து ‘மத்தேயு விளைவு’ என்று பெயரிட்டார். நோபல் பரிசு பெற்றவர்களை நேரில் கண்டு ஹாரியட் ஸுக்கர்மன் திரட்டிய பேட்டிகள் அந்தக் கட்டுரைக்கு அவ்வளவு அடிப்படையாக இருந்தன. அதனால் அவரையும் இணை ஆசிரியராகச் சேர்த்திருக்க வேண்டும் என்று மெர்ட்டனே பின்னாளில் ஒப்புக்கொண்டார். தவறு நடக்கும் விதத்தை நன்கு அறிந்தவருக்கே அது நேர்ந்தது என்றால், தனிமனித நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருப்பது போதாது. கணக்கிடும் முறையையே சோதித்தாக வேண்டும்.

பல்கலைக்கழகங்களின் பெருமையைக் கணக்கிட மூன்று வழிகள் போட்டியிடுகின்றன: கண்டுபிடித்தவர் படித்த இடம், கண்டுபிடிப்பு நிகழ்ந்த இடம், பரிசு வந்தபோது அவர் பணியாற்றிய இடம். உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தி 2003 முதல் வெளிவரும் ஷாங்காய் தரவரிசை, முதலாவதையும் மூன்றாவதையும் பயன்படுத்துகிறது. முன்னாள் மாணவர்கள் வென்ற நோபல் பரிசுகளுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கங்களுக்கும் மொத்த மதிப்பெண்ணில் 10 விழுக்காடும், பணியில் இருப்பவர்கள் வென்றவற்றுக்கு 20 விழுக்காடும் அங்கே ஒதுக்கப்படுகின்றன. பணியில் இருப்பவர் என்பதற்குப் பரிசு பெறும் வேளையில் அங்கே இருப்பவர் என்பதே பொருள். பழைய பரிசுகளின் எடை பத்தாண்டுக்குப் பத்தாண்டு குறைகிறது. பகிரப்பட்ட பரிசு பங்கின்படி பிரித்துக் கணக்கிடப்படுகிறது. எளிமையும் சரிபார்க்கும் வசதியும் இந்த முறையின் பலம். பரிசு நாளில் யார் எங்கே இருந்தார் என்பதில் பெரும்பாலும் சச்சரவுக்கு இடமில்லை.

ஆனால் அறிவியல் பரிசு பெரும்பாலும் காலம் தாழ்ந்தே வருகிறது. சுப்பிரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும்போது, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்ற கணக்கைப் போடத் தொடங்கினார். கேம்பிரிட்ஜில் அதை விரித்தார். 1935இல் லண்டனில் நடந்த வானியல் கழகக் கூட்டத்தில், கேம்பிரிட்ஜின் பெரும் வானியலாளரான ஆர்தர் எடிங்டன் அந்த முடிவை வெளிப்படையாக எள்ளி நகையாடினார். 1983இல் நோபல் பரிசு வந்தபோது சந்திரசேகர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தார். மூன்றாவது வழியின்படி, பணியிடப் பெருமை முழுவதும் சிகாகோவுக்கே செல்கிறது. அவருடைய நெடுங்காலப் பணிகள் அங்கே நடந்தவை என்பதால் அதை முற்றிலும் தவறு என்று சொல்ல முடியாது. ஆயினும் அவர் பெயரால் வழங்கும் வரம்பின் பிறப்பிடம் அந்தக் கணக்கில் எங்கும் தென்படுவதில்லை. புகழ் பெற்ற ஒருவரை அழைத்துப் பதவி கொடுத்தாலே தரவரிசையில் ஏறலாம் என்ற வாய்ப்பையும் இந்த வழி திறந்துவைக்கிறது. வளர்த்தெடுத்த நிறுவனத்தைவிட வளர்ந்த பின் அழைத்துக்கொண்ட நிறுவனம் கூடுதல் மதிப்பெண் பெறுவதை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

படித்த இடத்துக்குப் பெருமை கொடுப்பது உணர்வுக்கு இதமானது. ஆனால் கண்டுபிடிப்போடு அதன் தொடர்பு தொலைவானது. ஆகவே இரண்டாவது வழியான வேலை நடந்த இடமே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. அதைக் கணக்கிடுவது கடினம் என்பதுதான் தரவரிசைகள் அதைத் தவிர்ப்பதற்குக் காரணமாக இருக்க வேண்டும். ஒரு கண்டுபிடிப்பு பல ஆண்டுகளில், பல இடங்களில் உருவாகிறது. இதற்கு ஓரளவு கைகொடுப்பது, நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகம் வெளியிடும் தரவரிசை பின்பற்றும் பின்ன முறை. ஐந்து பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஐவர் ஒரு கட்டுரை எழுதினால், முழு எண்ணிக்கை முறையில் ஐந்து பல்கலைக்கழகங்களும் ஆளுக்கு ஒரு கட்டுரை என்று எழுதிக்கொள்ளும். பின்ன முறையில் ஒவ்வொன்றுக்கும் 0.2 மட்டுமே சேரும். முழு எண்ணிக்கை கூட்டுப் பணியை ஊக்குவிக்கும் என்பார்கள். உண்மைதான், அதே வேளையில், ஓரமாக நின்ற நிறுவனமும் நடுவில் நின்று உழைத்த நிறுவனமும் சம மதிப்புப் பெறுகின்றன. பின்ன முறையும் இருவரின் உழைப்பை வேறுபடுத்திக் காட்டாது, ஆனால் ஒரே வேலையை ஐந்து முறை எண்ணாது. கரிக்கோவின் கதை காட்டுவதுபோல, வேலை நடந்த இடம் அந்த வேலையை ஆதரித்த இடமாகவும் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. அந்த வேறுபாட்டை எந்த எண்ணும் காட்டுவதில்லை.

நிறுவனங்களுக்கு இடையேயான பங்கீட்டைவிட, ஆய்வகத்துக்குள் நடக்கும் பங்கீடுதான் மனிதர்களை அதிகம் காயப்படுத்துகிறது. இங்கும் வழிகள் மூன்று: பொறுப்பாளருக்கே முதன்மை, கையால் செய்தவருக்கே முதன்மை, அவரவர் செய்ததைப் பதிவு செய்தல். முதலிரண்டுக்கும் இரண்டு வழக்குகளை ஒப்பிடலாம்.

1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற ஆய்வு மாணவர், அடித்தளத்து ஆய்வுக்கூடத்தில் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிரிகளைச் சோதித்து, காசநோய்க் கிருமியை எதிர்க்கும் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டறிந்தார். 1944இல் வெளிவந்த கட்டுரையில் அவர் பெயரே முதலில் இருந்தது. அவருடைய நெறியாளர் செல்மன் வாக்ஸ்மனின் பெயர் கடைசியில். புகழும் காப்புரிமைத் தொகையும் வாக்ஸ்மன் பக்கம் சென்றதை அறிந்த ஷாட்ஸ் 1950இல் வழக்குத் தொடுத்தார். அந்த ஆண்டே ஏற்பட்ட சமரசத்தில் அவர் இணைக் கண்டுபிடிப்பாளர் என்று ஏற்கப்பட்டார். காப்புரிமை வருமானத்தில் 3 விழுக்காடும் ஒதுக்கப்பட்டது. ஆனால் 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது.

1967இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல், தாமும் சேர்ந்து கட்டிய வானொலித் தொலைநோக்கியின் பதிவுத் தாள்களை நாள்தோறும் ஏறக்குறைய 30 மீட்டர் நீளத்துக்குக் கண்ணால் படித்து, அதில் பொருந்தாத சிறு கிறுக்கல் ஒன்றைக் கவனித்தார். சீரான இடைவெளியில் வானொலித் துடிப்புகளை அனுப்பும், துடிப்பு விண்மீன்கள் என்று நாம் இன்று அழைப்பவை அப்படித்தான் தெரியவந்தன. அடுத்த ஆண்டு வெளிவந்த கட்டுரையில் ஐந்து பெயர்களில் இரண்டாவது அவருடையது. 1974 நோபல் பரிசு அவருடைய நெறியாளர் ஆன்டனி ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் சென்றது. வானியலாளர் ஃப்ரெட் ஹாயில் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். பெல்லோ, ஓர் ஆய்வுத் திட்டம் தோற்றாலும் வென்றாலும் இறுதிப் பொறுப்பு நெறியாளருடையதே என்று பெருந்தன்மையோடு எழுதினார்.

அந்த வாதத்தில் நியாயம் உண்டு. தொலைநோக்கியைத் திட்டமிட்டவர், நிதி பெற்றவர், தோல்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நெறியாளர்தான். ஆனால் பொறுப்பு வேறு, கண்டறிதல் வேறு. அந்தக் கிறுக்கலைப் பிழை என்று ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்காமல் திரும்பத் திரும்பத் தேடியது ஒரு மாணவியின் பிடிவாதம். பொறுப்பாளர் முறை அந்தப் பிடிவாதத்துக்கு விலை வைப்பதில்லை என்பதே அதன் மீதுள்ள என் குறை.

அப்படியானால் பெயர் வரிசையை நம்பலாமா? உயிரியலில் முதல் பெயர் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. கணிதத்தில் அகரவரிசை. துகள் இயற்பியலில் அகரவரிசையே ஆயிரக்கணக்கான பெயர்களுக்கு நீள்கிறது. ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் நிறையை அளந்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள் இருந்தனர், அதன் 33 பக்கங்களில் பெரும்பகுதி பெயர்ப் பட்டியலுக்கே சென்றது. ஒரு துறையின் வழக்கத்தை வைத்து மற்றொரு துறையின் பட்டியலைப் படித்தால் தவறான முடிவே கிடைக்கும். ஒரே துறைக்குள்ளும் வரிசை கைவிட்டுவிடுவதுண்டு. ஒளிரும் பச்சைப் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்த டக்ளஸ் பிரேஷர், நிதி தீர்ந்தபோது அதை மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியென்னுக்கும் அனுப்பிவைத்தார். 1994இல் வெளிவந்த சால்ஃபியின் கட்டுரையில் கடைசிப் பெயர் பிரேஷருடையது. அவர் அந்த ஆய்வகத்தின் தலைவரும் அல்லர், வேலைக்கு ஓரமானவரும் அல்லர். வரிசை இரண்டையும் சொல்லத் தவறியது. 2008இல் அந்தப் புரதத்தை முதலில் பிரித்தெடுத்த ஒசாமு ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவரும் நோபல் பரிசு பெற்றபோது, பிரேஷர் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர்களை ஏற்றிச் செல்லும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வழி, 2014 முதல் பரவிவரும் பங்களிப்புப் பதிவு. கருத்தாக்கம், சோதனை, தரவுப் பராமரிப்பு, மென்பொருள், நிதி திரட்டல், எழுத்து என்று 14 வகைப் பங்குகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்தவரின் பெயரை எழுதுகிறார்கள். அந்தப் படிவத்தை நிரப்புபவர் பெரும்பாலும் ஆய்வகத் தலைவரே என்பதும், கருத்து யாருடையது என்ற கேள்வியில் அவருடைய குரலே ஓங்கும் என்பதும் இதன் பலவீனங்கள். அப்படியிருந்தும் மூன்றில் இதையே நான் முன்வைப்பேன். மாணவர் ஒருவர் பின்னாளில் தம் பங்கை நிறுவ வேண்டி வந்தால், கட்டுரை வெளியான நாளிலேயே அச்சான ஒரு வரி அவர் கையில் இருக்கும். ஷாட்ஸுக்கு அப்படியொரு வரி இருந்திருந்தால் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்திருக்குமா என்று எண்ணத் தோன்றுகிறது.

யார் முந்தினார் என்ற கேள்விக்கு வெளியீட்டுத் தேதியே விடை என்பது நெடுங்கால வழக்கம். தேதியில் பாரபட்சம் இல்லை என்று தோன்றும். ஆனால் அந்தத் தேதியை நிர்ணயிப்பவர்கள் இதழாசிரியர்கள். கிரிஸ்பர் மரபணுத் திருத்த நுட்பத்தில், லிதுவேனியாவின் வில்னியஸைச் சேர்ந்த விர்ஜினியுஸ் ஷிக்ஷ்னிஸ் 2012 ஏப்ரலில் தம் கட்டுரையை ஒரு முன்னணி இதழுக்கு அனுப்பினார். மதிப்பீட்டுக்குக்கூட அனுப்பப்படாமல் அது திரும்பியது. ஜெனிஃபர் டவுட்னா, எம்மானுவேல் ஷார்ப்பான்டியே குழுவின் கட்டுரை ஜூனில் அனுப்பப்பட்டு ஜூனிலேயே வெளிவந்தது. ஷிக்ஷ்னிஸின் கட்டுரை வேறோர் இதழில் செப்டம்பரில்தான் வந்தது. 2018இல் காவ்லி என்ற அறிவியல் பரிசு மூவருக்கும் கிடைத்தது. 2020 நோபல் பரிசு இருவருக்கு மட்டும். கட்டுரை டவுட்னா பணியாற்றும் அமெரிக்காவின் பெர்க்லியிலிருந்து அல்லாமல் வில்னியஸிலிருந்து வந்ததுதான் காரணம் என்று எவரும் நிரூபிக்க முடியாது. ஆனால் முகவரி தெரியாமல் முதல் வடிகட்டல் நடக்கும் முறை இருந்தால், அந்தச் சந்தேகத்துக்கே இடமிருக்காது.

தேதிக்கு மாற்றும் உண்டு. 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் கழகத்தில் இயற்கைத் தேர்வுக் கருத்தைத் தனித்தனியே எட்டிய டார்வின், வாலஸ் இருவரின் கட்டுரைகளும் ஒன்றாகவே படிக்கப்பட்டன. 2018இல் ஓர் உயிரியல் இதழ், ஒத்த முடிவு வேறிடத்தில் வெளிவந்தாலும் அதன் பின் ஆறு மாதங்களுக்குள் வரும் கட்டுரையைப் புதுமை இல்லை என்று தள்ளமாட்டோம் என அறிவித்தது. இருவர் தனித்தனியே கண்டதால் முடிவின் நம்பகம் கூடுகிறது. அதைத் தோல்வி என்று கருதும் தேதி முறையைவிட இது மேலானது.

ஒரு நோபல் பரிசை மூவருக்கு மேல் பகிர முடியாது என்ற மூவர் வரம்பைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஒப்பீடே போதும். ஈர்ப்பலைகளைக் கண்டறிந்ததற்கு 2017 நோபல் பரிசு மூவருக்குக் கிடைத்தது. முன்னோடிகளில் ஒருவரான ரொனால்ட் டிரீவர் அந்த ஆண்டு மார்ச்சில் இறந்துவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு அதே கண்டுபிடிப்புக்கு வழங்கப்பட்ட பிரேக்த்ரூ சிறப்புப் பரிசின் 30 லட்சம் டாலரில், 10 லட்சம் டிரீவர் உள்ளிட்ட மூன்று நிறுவனர்களுக்கும், 20 லட்சம் 1,012 பங்களிப்பாளர்களுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டது. தலைக்கு வந்தது 2,000 டாலருக்கும் குறைவுதான். ஆனால் 1,012 பேரின் பெயர் பரிசுப் பட்டியலில் ஏறியது.

இவற்றில் எந்த முறையை ஏற்றாலும், பல்கலைக்கழகம் தன் வரலாற்றைத் தானே திருத்தி எழுதும் கடமை எஞ்சியிருக்கிறது. ரட்கர்ஸ் அதைச் செய்தது. கண்டுபிடிப்பு நிகழ்ந்து அரை நூற்றாண்டு கடந்த பின், 1994இல், ஷாட்ஸை அழைத்துத் தன் உயரிய பதக்கத்தை அவருக்கு அணிவித்தது. அப்போது அவருக்கு வயது 74.