ஹெர்னியா கேஸில் தெரிந்த பச்சைத் திட்டு

18 வருஷமாக ஸ்கிரப் நர்ஸ், ஆபரேஷனில் சர்ஜனுக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் வேலை. போன மாதம் எங்கள் நர்சிங் ஹோமுக்குப் பச்சை உள்கையுறை ஒரு பெட்டி வாங்கினோம். உள்ளே இது, மேலே வழக்கமான வெள்ளை. மேல் உறையில் ஓட்டை விழுந்து ஈரம் இறங்கினால் அந்த இடம் மட்டும் கரும்பச்சையாகத் திட்டாகத் தெரியும்.

பெட்டியைப் பார்த்ததும் எங்கள் சீனியர் சர்ஜன், "பாசிட்டிவ் கேஸுக்கு எடுத்து வையுங்க சிஸ்டர்" என்றார். அதாவது, எச்.ஐ.வி. மாதிரித் தொற்று இருப்பதாக டெஸ்டில் வந்தவர்களுக்கு மட்டும். இந்தப் பேச்சைத்தான் நான் 18 வருஷமாகக் கேட்கிறேன். தொற்றி ஆரம்ப நாட்களில் டெஸ்ட் நெகட்டிவ் என்றுதான் காட்டும். அது அவருக்குத் தெரியாதா என்ன!

மூன்றாம் நாள் ஒரு ஹெர்னியா. எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி மூன்றுமே நெகட்டிவ். ஜூனியர் டாக்டரும் நானும் பச்சை போட்டுக்கொண்டோம், சார் ஒற்றை உறைதான். ஹெர்னியா இடத்தில் வைக்கும் மெஷ் என்ற வலையைத் தைக்கும்போது ஜூனியரின் இடது ஆள்காட்டி விரல் நுனியில் மிளகு அளவுக்குத் திட்டு. குத்தினது அவருக்கே தெரியவில்லை. மேல் உறையை மாற்றிவிட்டுத் தொடர்ந்தார். பிறகு அந்த உள்ளுறையில் தண்ணீர் ஊற்றி அமுக்கிப் பார்த்தேன், ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.

சார் உறையைக் கழற்றினபோது அவர் நகக்கண்ணில் ரத்தம். விரலைப் பிதுக்கப் போனார். பிதுக்கக் கூடாது, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. ஹெபடைட்டிஸ் பி ஊசி? "படிக்கிற காலத்துல போட்டேன்." ஊசி பலித்ததைக் காட்டும் ஆன்டிபாடி அளவு ரத்தத்தில் 10-க்கு மேல் இருக்கிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. தடுப்பூசி போடாத 100 பேருக்கு ஹெபடைட்டிஸ் பி ரத்தம் பட்ட ஊசி குத்தினால் 6 முதல் 30 பேருக்குத் தொற்றலாம். எச்.ஐ.வி.யில் அது 1000-க்கு 3 தான். தியேட்டரில் எல்லாரும் நடுங்குவது என்னவோ எச்.ஐ.வி.க்கு!

குறைகளும் உண்டு. மெல்லிய நூலில் முடிச்சுப் போட முதல் வாரம் விரல் மரத்த மாதிரி இருந்தது. ரொம்ப வேர்க்கிறது. உள்ளுறை அரை சைஸ் பெரிதாக இருந்தால்தான் சுகம். தெரியாமல் என் சைஸே வாங்கி முதல் நாள் அவதிப்பட்டேன். ஊசி குத்துவதை இது தடுக்காது. காய்ந்த இடத்தில் ஓட்டை விழுந்தால் காட்டவும் காட்டாது. விலையும் அதிகம்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். மறுநாள் காலையில் சார் லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, தன் சைஸ் இருக்கிறதா என்று கேட்டார். அவருக்கு எட்டு வேண்டும். கடைக்காரர் அடுத்த வாரம் வரும் என்கிறார்.