மலையிலா, சமவெளியிலா: பிளஸ் ஒன் மாணவர்கள் முன் இரு வழிகள்

நீலகிரியில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகள் பலர் இப்போதே எடைபோட வேண்டிய கேள்வி, உதகை அரசு கலைக் கல்லூரியில் சேர்வதா, கோவைக்கு இறங்கிப் பொறியியல் படிப்பதா என்பதே.

1955-இல் தொடங்கப்பட்ட உதகைக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. குன்னூர்ப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பேருந்தில் போய்வரலாம். காட்டின்மேல் நாட்டமுள்ளவர்களுக்கு அங்குள்ள வனவிலங்கு உயிரியல் படிப்பு அரிய வாய்ப்பு.

பொறியியலுக்குக் கணக்கு கறாரானது. கணிதம் 100-க்கு முழுதாகவும், இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்குச் சுருக்கப்பட்டும் 200-க்குக் கட்-ஆஃப் (சேர்க்கைக்கான மதிப்பெண்) கணக்கிடப்படுவதால், கணிதத்தில் இழக்கும் ஒரு மதிப்பெண் வேதியியலில் இழக்கும் இரண்டுக்குச் சமம். பிளஸ் ஒன்னில் வகையிடலையும் தொகையிடலையும் ஒப்பேற்றிவிட்டவர் பிளஸ் டூவில் அவற்றின் பயன்பாடுகளில் தடுமாறுவார். செலவுக்கு அஞ்சித் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள் பின்வாங்குவதுதான் எனக்கு வருத்தம்: ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. அதில் இடம்பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மாணவியருக்கான புதுமைப் பெண், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய் உதவித்தொகை இரு வழிக்கும் பொதுவானது.

கணிதத்தில் பிடிப்புள்ள பிள்ளையைப் பணத்தைக் காரணங்காட்டி மலையில் நிறுத்தக் கூடாது. பிடிப்பில்லாத பிள்ளையைக் கோவைக்குத் தள்ளவும் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. எவ்வழியாயினும், சாதிச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் கோடை விடுமுறையிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு, பள்ளிப் பதிவேட்டிலும் ஆதாரிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒத்திருக்கின்றனவா என்று பெற்றோர் சரிபார்க்க வேண்டும்.