லெவி எஷ்கோல் ஆடியோ தொடர்: சண்டை நெறய, தண்ணி கொஞ்சூண்டு

தலைவர்கள் வரலாற தமிழ்ல சொல்ற ஆடியோ ஆப் ஒன்னு, மாசம் 99 ரூபா, பேரு வேணாம் விடுங்க. மன்னார்குடி பக்கம் நம்ம வயல்ல மோட்டார் ஓடுற நேரத்துல கேக்க ஏதாவது வேணும்னு தான் போட்டேன், இஸ்ரேல் பிரதமரா இருந்த லெவி எஷ்கோல் தொடர முழுசா கேட்டாச்சு.

குரல் அருமைங்க. 1895ல உக்ரைன்ல பொறந்த ஆளு இருவது வயசு ஆகறதுக்குள்ள 1914ல கப்பலேறி பாலஸ்தீனம் வந்து கூலி வேலை பாத்து, 1920ல கூட்டாளிங்களோட சேந்து டெகானியா பெத்னு கூட்டுப்பண்ணை ஆரம்பிக்கிற வரைக்கும் காத எடுக்கவே மனசு வரல.

அப்பறம் தான் கடுப்பு. 1937ல மெக்கொரோட்னு தண்ணி கம்பெனி ஆரம்பிச்சு 1951 வரைக்கும் நடத்துனது இவரு தான், 1963ல பிரதமர் ஆனாரு, அடுத்த வருஷமே கலிலேயா கடல்லேந்து (பேரு தான் கடல், பைபிள்ல வர்ற நல்ல தண்ணி ஏரி) தெக்க வறண்ட சீமைக்கு கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர் தண்ணி போக ஆரம்பிச்சுது. இவ்ளோ பெரிய சமாச்சாரத்த கதை சொல்றவரு கடைசி பஸ்ஸ புடிக்கப் போறவரு மாதிரி சொல்லிட்டு ஓடுறாரு. நமக்கு மேட்டூர்ல ஷட்டர தூக்குனா போதும், கல்லணைல பிரிஞ்சு தானா எறங்கி வந்துரும். அங்க அந்த ஏரியே கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழ கெடக்கு, பம்ப் வச்சு மேல ஏத்தணும், அந்த ஏரி பேரு வேளாங்கண்ணிக்கு போற எல்லாருக்கும் தெரியும் ஆனா இந்த சங்கதி எத்தன பேருக்கு தெரியும் சொல்லுங்க.

மேல எடுத்துட்டா கீழ அந்த ஏரிலேந்து எறங்குற ஜோர்டான் ஆத்துல என்னங்க மிஞ்சும்? கடைமடைக்காரனுக்கு மொதல்ல அதான தோணும். 1964ல அரபு நாடுங்க மாநாடு போட்டு, ஆத்த தலைப்புலயே திருப்பி விடுறோம்னு முடிவு பண்ணுன கதைலாம் இருக்கு, தொடர்ல மூச்சே இல்ல. இஸ்ரேல் உள்ள இருந்த அரபு மக்கள் மேல போட்ருந்த ராணுவ நிர்வாகத்த 1966ல எடுத்தது இவரு ஆட்சில தான், அதுவும் காணோம். பக்கத்து அரபு நாடுங்களோட நடந்த 1967 சண்டை மட்டும் எபிசோடு எபிசோடா இழுக்குது. அதுலயும் சண்டைக்கு கொஞ்சம் முன்னாடி தன் கையில இருந்த பாதுகாப்பு இலாகாவ முன்னாள் ராணுவ தளபதி மோஷே தயான்ட்ட விட்டுக் குடுத்த எடம் நல்லா வந்துருக்கு, ஒத்துக்கணும். 1969ல பதவில இருக்கும்போதே எறந்தாரு, ரெண்டே வரில முடிச்சுட்டாங்க.

ஆஃப்லைன் டவுன்லோடு இருக்கு, வயக்காட்டுல சிக்னல் இல்லன்னாலும் ஓடும். நடுவுல நடுவுல வர்ற மியூசிக் மட்டும் காத கிழிக்குது, ஹெட்செட் போட்டா சவுண்ட கொறச்சு வைங்க. அஞ்சுக்கு மூணு ஸ்டார். வருஷ சந்தா கட்டிராதீங்க, ஒரு மாசம் போட்டு பாருங்க.