திருகுகுமிழா, தொடுதிரையா?

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் எனக்கு, அறுவைச் சிகிச்சை அறையில் நோயாளியின் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் போன்றவற்றைக் காட்டும் கண்காணிப்புக் கருவிக்குத் திருகுகுமிழ் ஏற்றதா, தொடுதிரை ஏற்றதா என்ற கேள்வி எழும்போதெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது கையுறைதான். (அதற்கான ரப்பர்ப் பாலை எங்கள் பாட்டிமார் இதே மண்ணில் சீவி எடுத்தவர்கள்.)

ஈரக் கையுறையுடன் தொட்டால் திரை சில வேளைகளில் அசைந்துகொடுக்காது; உப்புநீர்த் துளி தெறித்தாலோ, தொடாமலேயே தொட்டதாக எடுத்துக்கொள்ளும். குமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. மயக்க மருந்து நிபுணர் நோயாளியின் முகத்தைவிட்டுப் பார்வையை எடுக்காமலேயே, விரலில் தட்டுப்படும் ‘டிக்’ அசைவுகளை எண்ணி அதைத் திருப்பலாம்.

ஆனால், இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவுக்கான எச்சரிக்கை எல்லையை 90 விழுக்காட்டிலிருந்து மாற்றக் குமிழில் பட்டியலுக்குள் பட்டியலாக இறங்க வேண்டியிருக்கும். நன்கு வடிவமைத்த தொடுதிரையில் அந்த எண்ணைத் தொட்டாலே எல்லை திறந்துவிடும். துடைப்பதற்கும் கண்ணாடியே எளிது. குமிழின் இடுக்கில் காய்ந்த அழுக்கைப் பஞ்சுக்குச்சியால் நோண்டி எடுத்து எனக்கு அலுத்துவிட்டது.

என்னைக் கேட்டால் தொடுதிரையையே வாங்கச் சொல்வேன்; எச்சரிக்கை ஒலியைத் தற்காலிகமாக நிறுத்தும் பொத்தான் மட்டும் கையால் அழுத்தும் தனிப் பொத்தானாக இருக்க வேண்டும். திரையில் தெரியும் நிறங்களில் குமிழ்க் கருவியும் தொடுதிரைக் கருவியும் ஒன்றே: மருத்துவக் கருவிகளின் எச்சரிக்கைகளுக்கான ஐ.இ.சி. 60601-1-8 என்னும் பன்னாட்டுத் தரநிலை சிவப்பை உயர் முன்னுரிமை எச்சரிக்கைக்கும் மஞ்சளை நடுத்தர நிலைக்கும் ஒதுக்கியிருக்க, பல கருவிகளில் தமனியின் இரத்த அழுத்தத்தைக் காட்டும் கோடும் சிவப்பாகவே ஓடுவது எனக்கு இன்றும் உறுத்துகிறது.